சோற்றுத் தட்டில் கணக்கு: வேலூர் மாவட்ட பால்வாடி டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் ஒரு மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கு, வணக்கம்.

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் இருபது வரை கடகடவென ஒப்பிக்கிறார்கள். ஏழு புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் விரல் அஞ்சாவது கொட்டையில் நிற்க, வாய் ஒன்பதுக்குப் போய்விடுகிறது. ஒரு பொருளுக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இந்த ரெண்டும் கைப்பழக்கமாக வர வேண்டும். 1982-ல் சத்துணவு வந்த நாளிலிருந்து உங்கள் பிள்ளைகள் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த வேளையைக் கணக்குக்கும் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

தட்டு வைப்பதில் தொடங்கலாம். நாலு பேர் உட்கார்ந்த வரிசையைக் காட்டி, "ஆளுக்கு ஒண்ணு வேணும், எண்ணி எடுத்துட்டு வா" என்று ஒரு பிள்ளையை அனுப்புங்கள். மூணு தட்டோடு வந்தால் திருத்த வேண்டாம். கடைசிப் பிள்ளைக்கு முன்னால் தரை வெறுமையாக இருப்பதை அதுவே பார்த்துவிடும். "இன்னும் எத்தனை?" என்று அப்போது கேளுங்கள். நாலு தவறாமல் வந்த பிறகு அஞ்சு, ஆறு என்று கூட்டுங்கள்.

எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் சில பிள்ளைகள் திரும்பவும் ஒண்ணிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசி எண்ணே மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. மூணு பொருளுக்கு இறங்குங்கள். மூணை எண்ணாமலே கண் பிடித்துவிடும். வாயாலும் எண்ணிப் பார்க்கும்போது ரெண்டும் பொருந்தும். எண்ணும்போது "அஞ்சு" என்றால் "ஐந்து" என்று திருத்தாதீர்கள், எண்ணிக்கை அறுந்துபோகும்.

அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) பஞ்சமில்லை. அவித்த காயைக் கையில் கொடுத்து மேட்டைத் தடவச் சொல்லுங்கள்: "உள்ள எத்தனை கொட்டை?" பெரும்பாலும் ரெண்டு இருக்கும், சிலதில் ஒண்ணு, அபூர்வமாக மூணு. உடைத்துப் பார்த்ததும் தோலை ஒத்தை, ரெட்டை, மூணு என்று தனித்தனி வரிசையாக அடுக்கட்டும். இங்கேதான் வழக்கமாகத் தப்பு வரும். ஒரு வரிசையை நெருக்கியும் இன்னொன்றை அகட்டியும் வைத்துவிட்டு, நீளமாகத் தெரிவதையே அதிகம் என்பார்கள். தரை ஓட்டில் கட்டத்துக்கு ஒன்று என்று வைத்தால் நீளமும் எண்ணிக்கையும் ஒத்துப்போகும். எண்ணிய கொட்டையை முழுசாக வாயில் போட விடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். மசித்தே கொடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டலுக்கும் அப்படியே.

முட்டை போடும் நாளில் பாதியைச் சொல்லிக் கொடுக்கலாம். அவித்த முட்டையை நூலால் நீளவாக்கில் அறுத்தால் ரெண்டும் ஒன்றுபோல இருக்கும். குறுக்கே அறுத்தால் ஒன்று கூர்மையாகவும் மற்றது மொண்ணையாகவும் நிற்கும், "எனக்குப் பெரிய பாதி" என்று சண்டை வரும். ரெண்டு விதமாகவும் அறுத்துக் காட்டி, எது சரியான பாதி என்று அவர்களையே கேளுங்கள். ரெண்டு துண்டைப் பார்த்து "எனக்கு ரெண்டு முட்டை" என்கிற பிள்ளைக்கு, துண்டுகளைச் சேர்த்து ஒட்டிக் காட்டினால் போதும். அரை லிட்டர் பால், கால் கிலோ தக்காளி என்று வீட்டில் கேட்டு வளர்கிறவர்கள்தான். அரை என்ற சொல்லுக்குத் தட்டில் ஒரு உருவம் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். பதில் சொன்னால்தான் சாப்பாடு என்று எந்தப் பிள்ளையையும் காக்க வைக்காதீர்கள். பசியில் எண் ஏறாது, சோறும் ஆறிப்போகும். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு கேள்வி போதும்.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இதற்கென்று இன்னொரு பதிவேடு எழுதச் சொல்லாதீர்கள். பார்வையிட வரும்போது சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, ஒரு பிள்ளையைத் தட்டு எண்ணி எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்