காட்டில் இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டுக்குப் போய்வந்தால் மன அழுத்தம் குறையும் என்று அடிக்கடி படிக்கிறோம். எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. அதனால் பலர் ஐந்தாறு கிலோமீட்டரை விறுவிறுவென்று நடந்து, வழிநெடுகப் படம் பிடித்து, களைத்துத் திரும்புகிறார்கள். உடற்பயிற்சி ஆயிற்று, நல்லதுதான். ஆனால் மனம் போகும்போது இருந்தபடியே திரும்பியிருக்கும்.

'ஷின்ரின் யோகு', அதாவது வனக் குளியல், என்ற பெயரில் ஜப்பான் வனத்துறை 1982இல் இதை மக்களிடம் கொண்டுசென்றது. பிறகு அந்நாட்டு ஆய்வாளர்கள் 24 காடுகளில் அளந்து பார்த்தார்கள். ஒருநாள் காடு, ஒருநாள் நகரம் என்று அதே ஆட்களை இரண்டு இடங்களுக்கும் அனுப்பினார்கள். காட்டில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் நகரத்தைவிடக் குறைவாக இருந்தன. அங்கே அவர்கள் செய்தது சுமார் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததும், கால் மணி நேரம் நடந்ததும்தான். உட்கார்ந்ததற்கும் பலன் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் கூடுதல் நலத்துடன் இருப்பதாகச் சொன்னது. ஒரே மூச்சில் இருந்தாலும், பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரிதான்.

எங்கள் யோசனை: இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். கைபேசியை ஒலியடக்கிப் பையின் அடியில் போடுங்கள். சட்டைப்பையில் இருந்தால் கை தானாகப் போகும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக் கணக்கும் அலுவலகப் பேச்சும் மண்டைக்குள் ஓடத்தான் செய்யும். பலரும் சலித்துப்போய் வேகத்தைக் கூட்டுவது அப்போதுதான். கூட்டாதீர்கள், நின்றுவிடுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பிறகு ஓரிடத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். ஆள் அரவத்தால் அடங்கிய பறவைகள் மறுபடி கத்தத் தொடங்கும். ஒரே ஒரு மரத்தின் பட்டையைப் பாருங்கள்: வெடிப்புக்குள் பாசி, பாசி ஓரமாக எறும்புச் சாரை, அது வளைந்து போகும் பிசின் துளி. அந்தப் பிசினின் வாசம் பைனீன் போன்ற ஆவியாகும் பொருள்களால் வருவது. வெயில் ஏற ஏற அது கூடும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போனால் இது மூக்குக்கு எட்டாது.

முழுக்கால் சட்டையும் உயரமான காலுறையும் அவசியம். திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டுப்போன கிளைக்கு அடியில் உட்கார வேண்டாம். மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருந்தைக் கையோடு கொண்டுபோங்கள். இரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எடுப்பவர்கள், காட்டுக்குப் போகிறோம் என்று அதை நிறுத்தவே கூடாது.

காட்டுப் பாதைகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சி முனைகளில் மட்டும் இருக்கை போடாமல், மரங்கள் அடர்ந்த இடங்களிலும் சில நூறு மீட்டருக்கு ஒன்று போடுங்கள். முதியவர்களும் மூட்டுவலிக்காரர்களும் இன்று வாசலோடு திரும்புவது உட்கார இடமில்லாததால்தான்.

இப்படிக்கு,
வன நடை வழிகாட்டிகள்