மருந்து உறையில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

கொழும்பில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர்மாருக்கும், மருந்து எடுத்துத் தரும் பாமசிக்காரருக்கும்,

என் மகனுக்கு ஐந்து வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மழை தொடங்கினால் அவனுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, வந்துவிடும். போன முறை வந்தபோது ஐந்து நாளைக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை தந்தார்கள். நசுக்கித் தேனில் குழைத்தாலும் அதன் கசப்புப் போகாது. ஆனால் இரண்டாம் நாளே மூச்சு சீராகிவிட்டது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்குக் கட்டிலில் எழுந்து நின்று, லைட்டைப் போடச் சொல்லிக் கத்தினான். பசிக்குது என்றான். போட்டுக் கொடுத்த சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டான். தங்கச்சியின் கையைக் கடித்தான். அடுத்த நாள் நர்சரி மிஸ், "இண்டைக்குச் சரியான குழப்படி" என்று சொல்லி அனுப்பினா. அன்று பின்னேரம் நான் அவனை அடித்துவிட்டேன். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. "அம்மா, எனக்கு நிப்பாட்டத் தெரியேல்லை" என்று அழுதான்.

குளிசை முடிந்து சில நாளில் பழைய பிள்ளையாகிவிட்டான். அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது, "ஓம், ஸ்டீரொய்டுக்கு அப்படி வரும்தான்" என்றார்கள். தெரிந்த விஷயத்தை முதலே சொல்லியிருந்தால் நான் கை நீட்டியிருக்க மாட்டேன்.

எரிச்சல், அழுகை, நித்திரையின்மை, அடங்காத பசி எல்லாம் இந்தக் குளிசையோடு வரக்கூடியவை. ஒரு நாளைக்கு ஒரு தரம் என்றால் காலையில் கொடுத்தால் நித்திரை அவ்வளவு குழம்பாது. நான் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். ஏனென்றால் உறையில் "சாப்பாட்டுக்குப் பின்" என்பது மட்டும்தான் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

முட்டு வந்தவுடன் மூச்சைத் திறக்கக் கொடுக்கும் சல்பியூட்டமோலும் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத துருதுருப்பு என்று கொண்டுவரும். எங்கள் வீடுகளில் "பம்ப் பழகிப்போகும், பாணி போதும்" என்று பெரியவர்கள் சொல்வது உங்களுக்கும் தெரியும். வழக்கமான பம்பில், அதாவது வாயால் இழுக்கும் இன்ஹேலரில், ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். பாணி மருந்தில் 5 மில்லிலீற்றரில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. அது உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நெஞ்சுக்குப் போகிறது. இந்தக் கணக்கை யாராவது சொன்னால் அம்மம்மாமாரும் பம்புக்குச் சம்மதிப்பார்கள்.

முட்டு வராமல் தடுக்கக் கொடுக்கும் மொண்டிலுகாஸ்ட் குளிசை பற்றி இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். கெட்ட கனவு, மூர்க்கம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதற்கு விதித்தது. எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஆனால் இரவில் மென்று விழுங்கும் அந்தக் குளிசையையும் விடியற்காலை அலறலையும் ஒரு தாய் தானாக எப்படி முடிச்சுப்போடுவாள்?

சொன்னால் பயந்து மருந்தை நிறுத்திவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். சொல்லாததால்தான் நிறுத்துகிறோம். எங்கள் பக்கத்து வீட்டில், மகளின் முரண்டுக்கு மருந்துதான் காரணம் என்று தாங்களாகவே முடிவுகட்டி, தினமும் இழுக்கும் தடுப்பு பம்பை நிறுத்தினார்கள். அதிலும் ஸ்டீரொய்ட் இருக்கிறதுதான், ஆனால் குளிசையோடு பார்த்தால் மிகக் குறைவு. முட்டு வராமல் காப்பதே அதுதான். இரண்டு கிழமையில் நடுச்சாமம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நாங்கள் கேட்பது ஒரு நிமிடம். வெளியே நாற்பது பேர் காத்திருப்பது தெரியும். அதனால்தான் பாமசிக்காரரையும் சேர்த்துக் கேட்கிறேன். ஒரு ரப்பர் முத்திரை செய்து, தமிழிலும் சிங்களத்திலும் உறையின் பின்பக்கம் குத்துங்கள்: "இந்த நாட்களில் பிள்ளை கோபப்படலாம், நித்திரை குறையலாம். அடிக்காதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் கேளுங்கள்."

இப்படிக்கு,
ஒரு தாய்
கொழும்பு 13