ஐந்து மணிக்கு எங்கள் பிள்ளைகளால் வர முடியாது

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் இராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம், வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாக் கரையில் இருப்பவள். 2021 கடைசியில், மாலை 5 முதல் 7 வரை ஊருக்குள்ளேயே தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி வந்தபோது படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தன்னார்வலராகச் சேர்ந்து, தெருமுனையில் வலை வைக்கும் கொட்டகையில் இரண்டு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் எங்கள் மையம் நின்றுபோனது. அப்போது எழுதிய வருகை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே திங்கள், புதன், சனி விசைப்படகுகள் கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாளும் எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு. என் நோட்டில் வருகை குறைந்த நாட்களைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். பெரும்பாலும் எங்கள் தெருப் படகுகள் தொழிலுக்குப் போன நாட்கள்தான். மாறாக, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் கொட்டகையில் உட்கார இடம் இருக்காது. அதே பிள்ளைகள், அதே நான். கடலுக்குப் போகாத நாளில் படிப்பு வந்தது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். விடியற்காலை நான்கு மணிக்கே அப்பாவோடு கரைக்குப் போய் வலையில் இருந்து நண்டு பிரிப்பான். நண்டின் கால் ஒடியாமல் எடுக்க வேண்டும், ஒடிந்தால் விலை போகாது. சின்ன விரல்களுக்கு அந்த வேலை நன்றாக வரும், அதனால்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். முடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவான். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் முன்னால் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். நான் எழுப்பியதில்லை. பள்ளியில் அவன் பெயர் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் இருந்தது. அந்தச் சொல் எனக்கு இன்றும் வலிக்கிறது. மழைக்காலத்தில் படகு கரையில் கிடந்த மூன்று வாரம் அவன் தினமும் வந்தான், பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொண்டு போனான். மெதுவாகக் கற்கிற பிள்ளைக்கு மூன்று வாரத்தில் அது வராது. அவன் தூக்கம் இல்லாத பிள்ளை.

பெண் பிள்ளைகளுக்கு வேறு விதம். அம்மா கடலுக்குள் இருக்கும் சின்னத் தீவுகள் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிற நாளில் மூத்தவள்தான் சோறு வடிப்பாள், தம்பியைப் பார்ப்பாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்று கேட்டவளை நான் உள்ளே கூப்பிட்டேன். சின்னக் குழந்தைகளைக் கூட்டி வரக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அப்படி ஒரு விதி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் நம் மாவட்டம் 2024-ல் மாநிலத்தில் மூன்றாவது இடம் பிடித்தது. எனக்கும் பெருமைதான். காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு எடுத்து, தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தரும் மினிமம் மெட்டீரியல் கொடுத்து, ஒவ்வொருவரையும் கரையேற்றும் ஆசிரியர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களின் கணக்கு. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் வலைக்குப் போய்விட்ட பையன்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் துணை வேண்டியிருந்தது ஆறாம் வகுப்பில். இப்போது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'திறன்' என்ற திட்டத்தில் பள்ளிக்குள்ளேயே தனிக் கவனம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் பள்ளிக்கே வராத நாளில் அது எப்படி அவனைச் சேரும்?

வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை இராமநாதபுரத்தில் டியூஷனுக்கு விடுகிறார்கள். எங்கள் தெருவில் ஐஸுக்கும் டீசலுக்குமே கடன் நிற்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகக் கற்றுத்தர வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நான் சலுகை கேட்கவில்லை.

இதே தீவில்தான் அப்துல் கலாம் சிறுவனாக இருந்தபோது விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டுக் கணக்கு டியூஷனுக்குப் போனார். அதை முடித்துவிட்டுப் பத்திரிகை போடப் போவார். வேலை செய்யும் பிள்ளைக்கும் பாடம் கிடைத்தது, வேலைக்கு முன்னால் ஒரு நேரம் இருந்ததால். எங்கள் பிள்ளைகளுக்கு விடியற்காலை ஒத்துவராது. ஒத்துவரும் நேரம் எது என்பதை ஊர்தான் சொல்ல முடியும்.

அதனால் மாலை 5 முதல் 7 வரை என்று மேலிருந்து ஒரே நேரத்தை வகுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். எந்த நாள், எந்த மணி, எந்த இடம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கத்து மூக்கையூருக்கும் வடகடல் பக்கத்துத் தொண்டிக்கும் ஒரே நேரம் ஒத்துவராது, தென்கடலில் காற்று அடிக்கிற மாதம் வேறு, வடகடலில் வேறு. காற்று மாறும்போது குடும்பத்தோடு எதிர்க்கரைக்கு வலசை போகிறவர்களும் உண்டு. அந்தப் பிள்ளை எதுவரை படித்திருக்கிறது என்று ஒரு குறிப்பு நோட்டு கூடவே போனால், அங்கே இருக்கிறவர் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, ஆனால் விசைப்படகுக் குடும்பங்களில் தொழில் முழுக்க நிற்கும். சிலர் கேரளாவுக்கு வேலைக்குப் போவார்கள், பலர் வீட்டில்தான் இருப்பார்கள். பெரும்பகுதி நாட்கள் பள்ளிக்கும் விடுமுறை. வருடத்தில் அந்தப் பிள்ளைகள் நன்றாகத் தூங்கி எழுகிற நாட்கள் அவைதான். அந்த நாட்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமாவது வாசிப்பும் கணக்கும் மட்டும், காலையில் இரண்டு மணி நேரம், ஊருக்குள்ளேயே நடத்துங்கள். எங்கள் ஊர்களில் படித்துவிட்டு இருக்கும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு அன்று மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதை நம்பி யாரும் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்க முடியாது. கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் நிலைத்து நிற்பார்கள்.

கொட்டகை இன்னும் இருக்கிறது. கரும்பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. வருகை நோட்டு வேண்டுமென்றால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன். தடைக்காலம் தொடங்க இரண்டு மாதம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வடகடல் கரையில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருத்தி