முதலில் எழுதியதையே அனுப்பு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13

அன்பு மகளுக்கு,

கதையின் இரண்டு வடிவங்களும் கிடைத்தன. அம்மா போனிலேயே வாசித்து முடித்துவிட்டா. எனக்குப் பழைய பழக்கம் போகவில்லை, கடையில் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனையோடுதான் உட்கார்ந்தேன். எதை அனுப்புவது என்று நீ கேட்டதற்கு நேரே பதில் சொல்கிறேன்: முதலில் எழுதியதுதான் கதை. டொரொன்டோவில் அந்த எழுத்துப் பட்டறைக்குப் போய்வந்தபின் திருத்தியது, யாருக்கோ பயந்து எழுதியது.

"மழை பிடித்தால் எங்கள் தோட்டத்தில் முதலில் மிதப்பது பக்கத்து வீட்டு நோனாவின் செருப்புதான்." இப்படித்தான் முதலில் தொடங்கியிருந்தாய். இந்தப் பக்கத்து நெருக்கமான தோட்ட வீடுகளில் மழையைப் பார்த்தவர்களுக்கு அது போதும். திருத்தியதில் அதே இடத்தில், "இயற்கையின் சீற்றத்தில் ஏழைகளின் கனவுகள் மிதந்தன" என்று இருக்கிறது. பத்திரிகையில் புரூஃப் பார்த்த காலத்தில் இந்த மாதிரி வரிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே பூத்துப்போனது. அதை யாரும் எழுதலாம். செருப்பைப் பார்த்தது நீ.

நோனா 'துவ' என்று கூப்பிடுவதையும் வெட்டிவிட்டாய். 'மகள்' என்பதற்கான சிங்களச் சொல், வாசகருக்கு விளங்காதாம். விளங்காவிட்டால் என்ன, கொஞ்சம் யோசிக்கட்டுமே.

எங்கட தமிழ் யாழ்ப்பாணத் தமிழும் இல்லை, மலையகத் தமிழும் இல்லை, சென்னைத் தமிழும் இல்லை, இதை யார் மதிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். இந்தக் கேள்வி உன்னோடு தொடங்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. மரபுப் போராட்டம் என்பார்கள். சாதாரண சனங்களின் கதையை அவர்களுடைய பேச்சிலேயே எழுதியதை 'இழிசனர்' எழுத்து என்று படித்தவர்களே ஏசினார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா சலூன் தொழிலாளி. அதே காலத்தில் அவருடைய சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966ல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார், பிறகு கொழும்புக்கு வந்தும் அதை விடவில்லை. அவருக்குத் தன் எழுத்தில் சந்தேகம் வந்ததா இல்லையா, எனக்கு என்ன தெரியும்? வந்திருந்தாலும் அடுத்த இதழ் வந்துகொண்டுதான் இருந்தது.

சந்தேகமே வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் மேசைக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளில் நல்ல எழுத்தாளர்களின் பக்கங்கள்தான் அடித்தலும் திருத்தலுமாக, அச்சுக்கோர்ப்பவர் தலையில் கைவைக்கிற மாதிரி இருக்கும். சில பேர் ஒரு கீறல் இல்லாமல் முத்து முத்தாக எழுதி அனுப்புவார்கள். எங்களுக்கு வேலை அதிகம் வைப்பது அவர்கள்தான்! ஆனால் அந்த அடித்தல் திருத்தலெல்லாம் இந்தச் சொல்லா அந்தச் சொல்லா, இந்த வசனம் இங்கே வேண்டுமா என்பதைப் பற்றியது. நீ அடித்திருப்பது வேறு. நோனாவை அடித்திருக்கிறாய், தோட்டத்துப் பைப்படிச் சண்டையை அடித்திருக்கிறாய், ஐயாவின் பகிடிகளை அடித்திருக்கிறாய். வசனம் சரியா என்று கேட்டுக்கொண்டே இரு. நான் எழுதலாமா என்று கேட்பதால் ஒரு வரிகூடத் திருந்தாது.

பட்டறைக்காரர்கள் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. கடைசிப் பக்கம் இழுக்கிறது. செத்த வீட்டில் பாண் பங்கிடுவதோடு நிறுத்திவிடு, அதற்குப் பிறகு வருகிற விளக்கம் தேவையில்லை. சரியாக எந்த வரியில் என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும், நான் புரூஃப் பார்த்தவன்தான்.

பிழைகளைக் குறித்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். ணகரமும் னகரமும் இன்னும் உனக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கு ஒரு முறைப்பாடு: கதையில் வருகிற தாய் ஏன் அவ்வளவு கத்துகிறா என்று கேட்கிறா. அதை மட்டும் மாற்றாதே.

அன்புடன்,
அப்பா