மாத்திரைகளை ஒருசேரப் பார்க்க ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊர்களில், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதியோர் பலர் தனியாகவே வாழ்கிறார்கள். சர்க்கரைக்குக் காரைக்குடியில் ஒரு மருத்துவர், இதயத்துக்கு மதுரையில் ஒருவர், மூட்டுவலிக்கு உள்ளூரில் இன்னொருவர் என்று அவர்கள் சிகிச்சை பெறுவதில் தவறில்லை. ஆனால் மூவர் எழுதிய மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை என்பதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அதனுடன் ஒரு நீர் மாத்திரையும் நெடுநாளாகச் சாப்பிட்டு வருபவர்கள், முழங்கால் வலி தாங்காமல் டைக்ளோஃபினாக் வாங்கித் தொடர்ந்து விழுங்குவதை மருந்தாளுநராகப் பணியாற்றிய காலத்தில் அடிக்கடி கண்டிருக்கிறேன். தனித்தனியே மூன்றும் பயனுள்ள மருந்துகளே. மூன்றும் சேரும்போதோ, சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது; வெளியேறும் குழாயை டெல்மிசார்டன் தளர்த்துகிறது; நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது; இதனால் வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் இறங்கிப்போகிறது. வயிற்றுப்போக்கோ கடும் வெயிலோ உடலை வாட்டும் நாட்களில், முதியவர்களின் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்க இது போதும். டைக்ளோஃபினாக் மாத்திரை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணையில் உள்ளது என்பதைக் கடைக்காரர்கள் அறிவார்கள், அறிந்தும் கொடுக்கிறார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இதே வலி மாத்திரை குடலில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோட்ரைமாக்சசோல் கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த பனடாலையும் இங்கு வாங்கிய டோலோவையும் வேறு வேறு மருந்தென்று எண்ணி ஆச்சிமார் சேர்த்துச் சாப்பிடுவதும் உண்டு. இரண்டும் பாராசிட்டமாலே, அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். அது இன்னும் கேடு. நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரின் மேசையில் வைத்துவிடுங்கள்.

அரசிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுடன் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் அங்குள்ள பிற மாத்திரைகளின் பெயர்களையும் குறித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ மருந்தாளுநரோ சரிபார்க்கக் கொடுக்குமாறு நம் மாவட்ட சுகாதார அலுவலர்கள் பணிக்க வேண்டும். தனியாக வாழும் முதியோரின் வீடுகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தேவகோட்டை