சேகர வாசகர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைமை வகிக்கும் சேகர குருவானவர் அவர்களே, சேகரக் கமிட்டி அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, வாலிபத் தம்பி தங்கையரே, உங்கள் எல்லோருக்கும் நம் ஆண்டவரின் நாமத்தில் அன்பின் ஸ்தோத்திரம். ஆண்டு முழுவதும் நம்மைக் காத்து நடத்திய தேவனுக்கு நன்றி சொல்லி, ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் வாசகர் சங்க அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மழைக்காலத்தில் கரையான் ஏறிய அலமாரியை மாற்றியது, பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் போட்டது எல்லாம் அவர் கணக்கில் வந்துவிடும். என்ன வாசித்தோம், எப்படி வாசித்தோம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல், ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அது. இந்த ஆண்டு சங்கம் செய்ததில் இதுதான் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். பார்வை மங்கிய பெரியவர்களும், எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களும் இதனால்தான் நம் சங்கத்துக்குள் வந்தார்கள். புத்தகத்தைத் தனியாக எடுத்துப் போனவர்களைவிட, கூடி உட்கார்ந்து கேட்டவர்கள்தான் அதைப் பற்றி மறு வாரமும் பேசினார்கள்.

முதலில் எடுத்தது இரட்சணிய யாத்திரிகம். 'அது புலவர்களுக்கு, நமக்கு எதற்கு' என்று கமிட்டியிலேயே தயக்கம் இருந்தது. ஆனால் இந்தக் காவியத்தைப் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். கரையிருப்பில் 1827-இல் பிறந்தவர். அவருடைய காவியம் 1894-இல் புத்தகமாக வருவதற்கு முன்பு 'நற்போதகம்' மாத இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்தது. மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நம் முன்னோர் வாசித்ததை நாமும் அப்படியே வாசிக்கலாமே என்று ஆரம்பித்தோம். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதன் பகுதி இருப்பது கை கொடுத்தது. ஒரு வீட்டில் பேத்தி பாடநூலை விரித்து, ஆண்டவர் பாடுபடும் பாடல்களைச் சீர் பிரித்து வாசித்தாள். பள்ளிக்கூடமே போகாத ஆச்சி, அவள் அர்த்தம் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, 'இது பெரிய வெள்ளிக்கிழமை காரியம்லா?' என்று கேட்டுவிட்டார்கள். அர்த்தம் பாதி காதிலேயே இறங்கிவிடுகிறது. அந்த ஆச்சி இப்போது கூட்டத்துக்கு முந்தி வந்து பாய் விரிக்கிறார்கள்.

இந்தக் காவியத்துக்கு மூலம் ஆங்கிலப் போதகர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணம். அந்தக் கதையை வசனமாகச் சொன்னபோது பெண்கள் ஐக்கியத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கதாநாயகன் கிறிஸ்தியான், மனைவி மக்கள் பின்னால் நின்று கூப்பிட, காதைப் பொத்திக்கொண்டு 'ஜீவன், ஜீவன், நித்திய ஜீவன்' என்று கத்தியபடி ஓடிவிடுகிறானே, குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டு ஒருவன் மட்டும் மோட்சம் போவது சரியா என்று ஒரு சகோதரி கேட்டார். அன்றைக்கு யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. பனியன் 1684-இல் இரண்டாம் பாகம் எழுதினார்; அதில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் அதே வழியில் புறப்படுகிறார்கள். முதல் பாகத்தில் தனி ஆளாக நடந்தவனுக்கும், இரண்டாம் பாகத்தில் குழந்தைகளோடும் பலவீனரோடும் மெதுவாகப் போகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசினோம். குடும்பமாக வாசிக்க விரும்புகிறவர்கள் இரண்டாம் பாகத்தை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை நம்மில் பலர் தொட்டதே இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு கோரி டென் பூமின் வாழ்க்கைக் கதையைத் தேர்ந்தெடுத்தோம். 1971-இல் வந்த நூல். ஹாலந்தில் ஹார்லெம் நகரத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த அவர் குடும்பம், ஹிட்லரின் நாஜிகளிடமிருந்து யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. 1944 பிப்ரவரியில் பிடிபட்டார்கள். எண்பத்து நான்கு வயதுத் தகப்பனார் பத்து நாளில் காவலிலேயே இறந்தார். அக்காள் பெட்சி அதே டிசம்பரில் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தார். ஆனால் நம் பெற்றோரைப் பிடித்து நிறுத்தியது முகாம் பகுதி அல்ல. சிறு வயதில் ரயிலில் போகும்போது கோரி, தன் வயதுக்கு மீறிய ஒரு விஷயத்தைத் தகப்பனிடம் கேட்கிறாள். அவர் கடிகாரமும் உதிரிப் பாகங்களும் நிறைந்த தன் பெட்டியைத் தரையில் வைத்து, 'இதைத் தூக்கு' என்கிறார். அவளால் முடியவில்லை. சில அறிவும் இப்படித்தான், நீ வளரும்வரை உனக்காக நான் சுமக்கிறேன் என்கிறார். நம் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கும் காலத்தில் அந்தப் பெட்டியை யார் சுமப்பது என்று ஒரு தகப்பனார் கேட்டார். பதில் சொல்லிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்பாமார் இவ்வளவு பேசிய கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

சபை வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு நூல்தான் எடுத்தோம். போதகர் டீட்ரிச் போன்ஹோபர், ஜெர்மனியில் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் இறையியல் மாணவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார். 1937-இல் ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அந்த இறையியல் பள்ளியை மூடியது. அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய, சேர்ந்து வாழ்வதைப் பற்றிய சிறு நூல் 1939-இல் வந்தது. சபை இப்படி இருக்க வேண்டும் என்று தான் காணும் கனவை, இருக்கிற சபையைவிட அதிகமாக நேசிக்கிறவன் அந்தச் சபையைக் கெடுத்துவிடுவான் என்கிறார். சபைத் தேர்தல் நேரத்தில் இதை வாசிக்க நேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டு போன அந்த வாரங்களில், கூட்டத்தில் எதிரெதிர் அணிக்காரர்கள் ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்கள். இந்த நூலைக் கமிட்டி அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

காணிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு, வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா கிறிஸ்தவக் கொடை பற்றி எழுதிய நூலைச் சொல்கிறோம். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்து வைத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம்.

கத்தோலிக்கச் சகோதரர் ஒருவர் தேம்பாவணி கொடுத்து உதவினார். வேதாகமத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத யோசேப்பைக் காவிய நாயகனாக்கி வீரமாமுனிவர் பாடியது; தந்தையரைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நூல் தமிழில் இல்லை. வரும் ஆண்டில் சில படலங்களையாவது வாசிப்போம்.

துக்க வீட்டுக்குப் புத்தகம் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியை 1960-இல் இழந்த ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் தன் துயரத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் நம்மிடம் இருக்கிறது. கடவுள் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாரோ என்றே அவர் கேட்கிறார். அடக்கம் முடிந்த கையோடு கொடுக்காதீர்கள். சில மாதம் போகட்டும். அப்புறம் நீங்களும் கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

ஆண்டவரின் இரண்டாம் வருகையின் தேதியைக் கணக்கிட்டுச் சொல்லும் புத்தகங்கள் அன்பளிப்பாக வந்தன. கமிட்டி அவற்றை அலமாரியில் வைக்கவில்லை. அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மாற்கு 13:32 சொல்லும்போது, பயந்த மனதுள்ளவர்களுக்கு வேறொன்றைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. கொடுத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவர்கள் எண்ணம் நல்லது என்று அறிவோம்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு யோசனைகள். நம் ஆலயத்தில் திருமணமாகும் ஒவ்வொரு தம்பதிக்கும் சங்கத்தின் சார்பில் ஒரு புத்தகம் கொடுப்பது ஒன்று. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளில் நன்றாக வாசிக்கிறவர்களை முதியோர் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை அனுப்புவது மற்றொன்று. போகும் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். இரண்டையும் சபையார் விவாதித்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீடுகளைத் திறந்து கொடுத்தவர்களுக்கும், கடுங்காப்பி போட்டுக் கொடுத்த அக்காமாருக்கும், வாசித்த பிள்ளைகளுக்கும் சங்கத்தின் நன்றி. இரவல் வாங்கிய புத்தகங்களை வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கொண்டுவந்துவிடுங்கள். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டி அமர்கிறேன்.

இப்படிக்கு,
செயலர்