ஐந்தாவது பயிற்சியாளரைத் தேடும் முன்: கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நம் கால்பந்துக் கழகத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை நம் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டத்தின் 63-ஆவது நிமிடத்திலிருந்து தொடங்குகிறேன். மூலைக் கொடிக்கு நேர் மேலே, ஆறாவது வரிசையில் உட்காருபவன் நான். இரண்டாம் பாதியில் நம் இடது பின்களம் என் கண்முன்னே இருக்கும். நம் இடது பின்கள வீரர் தாக்குதலுக்குத் துணையாக முன்னேறிப் போயிருந்தபோது நடுக்களத்தில் பந்து பறிபோனது. அவர் திரும்பி ஓடி வருவதற்குள், அவர் விட்டுப்போன இடத்தின் வழியாக எதிரணியின் வலது விளிம்பு ஆட்டக்காரர் நுழைந்து, எல்லைக்கோடு வரை பந்தைக் கொண்டுபோய், பின்னோக்கித் தட்டிவிட்டார். பெனால்டி புள்ளிக்கருகில் ஆளில்லாமல் நின்றிருந்த ஒருவர் அதை நிதானமாக வலைக்குள் செலுத்தினார்.

கோல் விழுந்த பிறகு நம் வீரர் யாரையும் திட்டவில்லை. நடுக்களத்தின் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ‘நான் மேலே போனால் என் இடத்தை யார் பார்த்துக்கொள்ள வேண்டும்?’ என்று அந்தக் கைகள் கேட்டன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அவர் கைகளைக் கீழே போட்டுவிட்டு மெல்ல நடந்து போனார்.

இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அந்தத் தோல்வி அல்ல. தோற்பதற்குப் பழகாமல் யாரும் பல ஆண்டுகள் ஒரே அணியைப் பின்தொடர முடியாது. என்னை எழுத வைத்தது, அதே கோலை, அதே பக்கத்தில், அதே முறையில் நான்கு பயிற்சியாளர்களின் காலத்திலும் பார்த்துவிட்டேன் என்பதுதான். இதற்கிடையே இடது பின்கள வீரரே மூன்று முறை மாறிவிட்டார். பயிற்சியாளர் மாறியும், வீரர் மாறியும், ஓட்டை மட்டும் மாறாமல் இருக்கிறது என்றால், அதற்கான காரணத்தைக் களத்துக்கு வெளியே, முடிவுகள் எடுக்கப்படும் அறையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

நான்கு பயிற்சியாளர்களை நீக்கியபோது நீங்கள் வெளியிட்ட நான்கு அறிக்கைகளையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். கடந்த வாரம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். அவருடைய உழைப்புக்கு நன்றி, வருங்காலத்துக்கு வாழ்த்து, புதிய பயிற்சியாளரைத் தேடும் பணி தொடங்கிவிட்டது என்ற மூன்று செய்திகளே நான்கிலும் இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டால் எந்த அறிக்கை யாருக்கானது என்று கண்டுபிடிக்க முடியாது. எதற்காக அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், அவரிடம் என்ன எதிர்பார்த்தீர்கள், அது ஏன் நடக்கவில்லை, அதில் உங்கள் பங்கு என்ன என்பது குறித்து ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை.

அணி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலாமவர் மூன்று நடுப் பின்கள வீரர்களை நிறுத்தி, இரு விளிம்புகளிலும் ஓயாமல் மேலும் கீழும் ஓடக்கூடியவர்களை வைத்து ஆடினார். அதற்கேற்ற ஆட்களை வாங்கிக் கொடுத்தீர்கள். அடுத்தவர் நால்வர் கொண்ட பின்களத்துக்கு மாறி, எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்க விரும்பினார். அதற்கு இளமையும் வேகமும் வேண்டும். இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இல்லை. மூன்றாமவர் பின்வாங்கி நின்று, நீண்ட பந்துகளால் எதிர்த்தாக்குதல் நடத்தச் சொன்னார். அதற்காக உயரமான முன்கள வீரர் ஒருவரும், கோல் கோட்டை விட்டு அசையாமல் பந்துகளைத் தடுப்பதில் வல்ல ஒரு கோல்கீப்பரும் வந்தார்கள். நான்காமவரோ கோல்கீப்பரின் காலிலிருந்தே சிறு சிறு பாஸ்களாக ஆட்டத்தைக் கட்டியெழுப்ப நினைப்பவர்.

இதன் விளைவை இந்தப் பருவம் முழுக்கப் பார்த்தோம். கையால் அற்புதமாகத் தடுக்கக்கூடிய, ஆனால் காலால் ஆடிப் பழகாத ஒரு கோல்கீப்பரிடம், இரண்டு எதிராளிகள் பாய்ந்து வரும்போது பந்தைக் கொடுத்து, நடுவில் நிற்பவருக்குத் துல்லியமாகத் தள்ளச் சொன்னோம். இரண்டு முறை அவர் நேராக எதிராளியின் காலில் கொடுத்தார். இரண்டும் கோல் ஆயின. மைதானமே அவரைப் பழித்துக் கூச்சலிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்த அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? எந்த வேலைக்காக அழைத்து வரப்பட்டாரோ, அந்த வேலையை அவருக்குக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்தோம். உயரமான அந்த முன்கள வீரரும் அப்படித்தான். விளிம்பிலிருந்து உயர்த்தி அடித்த பந்து ஒன்றுகூட அவர் தலைக்கு வராத ஆட்டங்களை எண்ணிச் சலித்துவிட்டேன்.

ஒவ்வொரு வீரரையும் தனித்தனியாகப் பார்த்தால் ஆடத் தெரியாதவர் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு பேருடைய நான்கு விதமான யோசனைகளின் மிச்சம்தான் இன்று நம் அணியாக நிற்கிறது. பயிற்சியாளரோடு சேர்ந்து அவருடைய திட்டமும் வெளியேறிவிடுகிறது. அவருக்காக வாங்கப்பட்டவர்கள் மட்டும் நீண்ட ஒப்பந்தங்களோடு இங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களை விற்கவும் முடிவதில்லை, உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கவும் கட்டுப்படியாவதில்லை. அடுத்து வருபவருக்குத் தேவையான ஆட்களை வாங்கப் பணம் போதாமல் பருவத்தின் நடுவில் இரவல் வீரர்களைக் கொண்டுவந்து இடங்களை அடைக்கிறோம். பருவம் முடிந்ததும் அவர்கள் தங்கள் கழகத்துக்குத் திரும்பிவிட, அதே இடங்கள் மறுபடியும் காலியாகின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது பயிற்சியாளரை வெளியேறச் சொல்லி மாடத்தில் முழக்கம் எழுந்த மாலையில் நானும் தொண்டை வற்றக் கத்தினேன். அடுத்த வாரமே நீங்கள் அவரை அனுப்பினீர்கள். புதியவர் வந்த முதல் சில ஆட்டங்களில் முடிவுகள் சற்றுத் தேறியபோது, நாம் செய்தது சரிதான் என்று நினைத்தேன். அந்த எண்ணம் தவறு என்று இப்போது புரிகிறது. நெதர்லாந்தின் கால்பந்து லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்திருக்கிறார். பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவு சரிவுக்குப் பிறகும் நீக்காமல் விட்ட அணிகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு வகை அணிகளும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் மீண்டிருந்தன. தாழ்ந்த நிலையிலிருந்து ஓரளவு ஏறுவது இயல்பாகவே நடக்கக்கூடியது. அதைப் புதியவரின் சாதனை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சரிவு வந்ததும் அவரையும் அனுப்புகிறோம்.

ஜெர்மனியின் ஷால்கே கழகத்துக்கு நேர்ந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2017–18 பருவத்தில் அந்நாட்டின் முதல் பிரிவு லீக்கான பூண்டஸ்லீகாவில் இரண்டாம் இடம் பிடித்த அணி அது. பிறகு லீக்கில் தொடர்ந்து 30 ஆட்டங்கள் வெற்றியே இல்லாமல் கழிந்தன. 2020–21 பருவத்தில் மட்டும், இடைக்காலப் பொறுப்பேற்றவரையும் சேர்த்து, ஐந்து பேர் அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்கள். 34 ஆட்டங்களில் 3 வெற்றி, 16 புள்ளிகள், கடைசி இடம், அதனால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். கழகத்தின் கடன் சுமையும் அந்த வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரில் எவராலும் அதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை.

அதே நாட்டின் ஃபிரைபுர்க் கழகத்தையும் பாருங்கள். பெரும் பணபலம் இல்லாத கழகம். கிறிஸ்டியான் ஸ்ட்ரைக் 2011 டிசம்பரின் கடைசி நாட்களில் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2015-இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பெரும்பாலான கழகங்கள் அந்த இரவே அவரை வழியனுப்பியிருக்கும். ஃபிரைபுர்க் அவரை வைத்துக்கொண்டது. மறு ஆண்டே இரண்டாம் பிரிவின் முதலிடத்தோடு அணி மேலே வந்தது; 2024-இல் அவராக விலகும்வரை அவரே பொறுப்பில் இருந்தார். அவரும் அந்தக் கழகத்தின் இளையோர் அணிகளில் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தவர்தான். ஒரு மனிதரின் திறமையால் மட்டும் இதெல்லாம் நடந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. தங்கள் அணி எப்படி ஆட வேண்டும் என்பதைக் கழகம் முதலில் முடிவு செய்திருந்தது. அதற்கேற்ற பயிற்சியாளரையும், அதற்கேற்ற வீரர்களையும் வைத்திருந்தது. அதனால்தான் கீழே இறங்கியபோதும் எதை நம்பி மேலே ஏற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடமும் இளையோர் அணி இருக்கிறது. பின்களத்துக்கு முன்னால் நின்று காவல் காக்கும் நடுக்கள ஆட்டத்தில் தேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் அங்கிருந்து வந்தார். போன பருவத்தில் அவரைச் சில ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் பார்த்தேன். பந்து இல்லாதபோது அவர் ஒவ்வொரு சில நொடிக்கும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். பின்கள வீரர் மேலே போனதைக் கண்டதும், யாரும் சொல்லாமலேயே இரண்டு மூன்று அடி அந்தப் பக்கம் நகர்ந்து நிற்பார். சனிக்கிழமை 63-ஆவது நிமிடத்தில் விரித்துக் காட்டிய கைகள் தேடியது இப்படி ஒருவரைத்தான். அவரை இந்தப் பருவம் வேறொரு கழகத்துக்கு இரவலாக அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொரு கழகத்திலிருந்து இரவலாக ஒருவரை அழைத்து வந்திருக்கிறோம். இந்த முடிவை எடுத்தவர் யார், எந்தக் காரணத்துக்காக எடுத்தார் என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை.

எங்களிடம் எதையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். நான்காவது பயிற்சியாளரை நீக்கிய மறுநாளே பருவச் சீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி எனக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘கழகத்தின் குடும்பத்தில் ஒருவர்’ என்று என்னை அதில் விளித்திருந்தீர்கள். அந்தச் சொல்லை நான் முழு மனதோடு ஏற்கிறேன், ஏற்பதால்தான் கேட்கிறேன். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள், 77 பவுண்டு விலையில் சீட்டு விற்கும் திட்டத்தை எதிர்த்து, ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அங்கே எழுந்து போனவர்கள் அணியை வெறுத்தவர்கள் அல்லர். அதை உரிமையாளர்கள் புரிந்துகொண்டார்கள். இங்கே எங்கள் மாடத்தில் எவரும் கூட்டமாக வெளியேறவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓரிருவராக வராமல் போகிறார்கள். என் வரிசையில் கடந்த பருவத்தில் ஒரு நாற்காலியும் காலியாக இருந்ததில்லை. சனிக்கிழமை ஐந்து நாற்காலிகள் காலியாக இருந்தன. சத்தமில்லாமல் போகிறவர்களைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஐந்தாவது பயிற்சியாளரின் பெயரை அறிவிப்பதற்கு முன், நம் அணி எவ்விதமான ஆட்டத்தை ஆடப்போகிறது என்பதை முடிவு செய்து, அதை எழுத்தில் எங்களுக்குச் சொல்லுங்கள். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, பயிற்சியாளர் மாறினாலும் மாறாமல் நீடிக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று எங்களுக்குத் தெரியட்டும். அந்த ஆட்டமுறைக்குப் பொருந்துகிறவரைத் தேடுங்கள், கையில் கிடைக்கிறவரை அல்ல. வருகிறவருக்கு, இரண்டாம் பிரிவுக்கு இறங்க நேர்ந்தாலும்கூட, இரண்டு முழுப் பருவங்களாவது கொடுங்கள். அந்த 19 வயது இளைஞரைத் திரும்ப அழைக்க ஒப்பந்தத்தில் இடமிருந்தால் உடனே அழையுங்கள்.

இறங்கிப் போவதைக் குறித்து எனக்கு அச்சம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். மீதமிருக்கும் ஒன்பது ஆட்டங்களை நினைத்து இரவில் விழித்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பிரிவில் ஆடினாலும் அந்த ஆறாவது வரிசையில் உட்காரத்தான் போகிறேன்.

வரும் சனிக்கிழமை சொந்த மைதானத்தில் மறுபடியும் ஆட்டம் இருக்கிறது. அதற்கு முன், உங்களில் யாரேனும் ஒருவர் மைதானத்தின் கூட்ட அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முன்வர வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். என் முதல் கேள்வி இடது பின்கள வீரரின் கேள்வியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மூலைக் கொடி மாடத்தின் ஆறாவது வரிசையிலிருந்து ஒரு ரசிகன்